உப்பு விழுந்தாச்சு

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. மேலே உள்ள கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு அங்கே மதியச் சாப்பாடு உண்டு. யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. வந்து உட்கார்ந்தால் இலை போட்டுவிடுவார்கள்.

மடத்தின் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எல்லோரும் அவரைச் சாமி என்று அழைத்தார்கள். அடுக்களைப் பொறுப்பு ஆவுடையப்பரிடம் இருந்தது. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. வயதில் மூத்தவரானாலும் அவர் சீடர். சாமி அவரை நீங்கள் என்றுதான் சொல்வார். அவர் சாமிக்கு முன்னால் உட்காரமாட்டார்.

மடத்தை ஏற்படுத்தியவர் அடுக்களைக்கு இரண்டு சட்டம் வைத்துவிட்டுப் போயிருந்தார். வந்தவர் நாக்கில் படும் முன் சமைத்தவர் நாக்கில் படக்கூடாது. கடைசி இலை எடுக்கும்வரை அடுப்பு அணையக்கூடாது.

ருசி பார்க்காமல் எப்படி உப்புப் போடுவது? அதற்கு அடுக்களைக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எந்த அண்டாவுக்கு எத்தனை கை உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். போடுகிறவர் போட்டுவிட்டு, "சாம்பாருக்கு உப்பு!" என்று குரல் கொடுப்பார். காய் நறுக்குகிறவர், தேங்காய் துருவுகிறவர், சோறு வடிக்கிறவர் எல்லோரும் சேர்ந்து, "விழுந்தாச்சு!" என்பார்கள். எல்லோர் காதிலும் ஒரு முறை விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் அந்த அண்டாவில் உப்பைப் போடமாட்டார்கள்.

மடத்துச் சாப்பாட்டில் உப்புக் கூடியது என்று யாரும் சொன்னதில்லை. குறைந்தது என்றும் சொன்னதில்லை.

பெரும்பாலும் சாம்பாருக்கு உப்புப் போடுகிறவர் வடிவு. கணவர் இறந்த பிறகு மடத்துக்கு வேலைக்கு வந்தவர். சாம்பார் அவர் கையில்தான் இருந்தது. சோறு மாசிலாமணியின் பொறுப்பு. அவருக்குக் கை எவ்வளவு வேலை செய்யுமோ வாயும் அவ்வளவு வேலை செய்யும்.

தை மாதம் ஒரு வியாபாரி மடத்துக்கு பாய்லர் வாங்கிக் கொடுத்தார். டீசலில் எரிவது. உள்ளே தண்ணீர் கொதித்து, நீராவி குழாய் வழியாக அண்டாக்களுக்கு வரும். விறகு வேண்டாம். சோற்று அண்டாவின் கைப்பிடியைச் சுழற்றினால் அண்டாவே சாய்ந்து சோற்றைக் கொட்டும்.

பாய்லருக்கு மாலை போட்டார்கள். குங்குமம் வைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ஆவுடையப்பர் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"இதுவும் அடுப்புதான். காலையில சுவிட்ச் போட்டா, கடைசி இலை எடுக்கிற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது."

சரிதானே என்று எல்லோருக்கும் பட்டது. யாரும் தொடவில்லை.

சில நாட்களிலேயே, கழுவிவிட்ட அடுக்களைச் சுவர் புகையில்லாமல் வெள்ளையடித்ததுபோல் இருந்தது. வடிவின் இருமல் நின்றது. மாசிலாமணி முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதை விட்டார். "என் பெண்டாட்டி என்னை அடையாளம் தெரியாம யாரு நீன்னு கேட்டா" என்று நிமிர்ந்து நின்று காட்டினார்.

ஒன்று மட்டும் புதிது. பாய்லருக்குக் காற்று ஊதும் விசிறி ஒன்று அதன் வயிற்றில் இருந்தது. அது ஓடினால், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதும் கேட்காது. கையைக் காட்டிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதுவும் குறைந்தது. அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள். மாசிலாமணிகூட பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேட்க ஆள் இல்லாமல் எவ்வளவு நேரம் பேசுவது?

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாம்பார் கரித்தது.

முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாய் வைத்தார்கள். பிறகு தண்ணீர் கேட்டார்கள். பிறகு மோர் கேட்டார்கள். பரிமாறியவர் வியர்த்துப்போய் உள்ளே ஓடி வந்தார்.

"யார் போட்டது?" என்றார் ஆவுடையப்பர்.

"நான் போட்டேன்" என்றார் வடிவு.

"நானும் போட்டேன்" என்றார் மாசிலாமணி. "அக்கா தேங்காய்ப் பக்கம் போயிருந்தாங்க. சாம்பார் கொதிச்சுப் போச்சு. சரின்னு நான் போட்டேன். குரல் கொடுத்தேனே!"

"நானும்தான் கொடுத்தேன்."

"யாரு கேட்டது?"

ஒருவரும் கேட்கவில்லை. இருவருக்கும் யாரும் 'விழுந்தாச்சு' சொல்லவும் இல்லை. சொல்லியிருப்பார்கள், நமக்குத்தான் கேட்கவில்லை என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

ஆவுடையப்பர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சாம்பார் அண்டாவுக்கு மேலே ஓர் ஆணி அடித்தார். ஒரு தகர மூடியில் துளை போட்டுக் கயிறு கட்டினார். உப்புப் போட்டவர் மூடியை ஆணியில் மாட்டவேண்டும். மூடி தொங்கினால் உப்பு விழுந்தாயிற்று என்று அர்த்தம்.

ஒரு வாரம் சரியாக நடந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் மாலையில் மூடியைக் கழற்ற எல்லோரும் மறந்துபோனார்கள். மறுநாள் வடிவு அண்டாவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். மூடி தொங்கியது. போய்விட்டார். மாசிலாமணி பார்த்தார். மூடி தொங்கியது. அவரும் போய்விட்டார்.

அன்று சாம்பாரில் உப்பே இல்லை.

அடிக்கடி பந்திக்கு வரும் ஒரு பெரியவர் பரிமாறியவரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, அன்னிக்குப் போட்ட உப்பைத்தான் இன்னும் கழிச்சுக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டார். பந்தி முழுவதும் சிரித்தது.

மடத்து நிர்வாகி தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை குருபூஜை. பாய்லர் கொடுத்த வியாபாரி குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். நிர்வாகி அடுக்களை வாசலில் நின்று ஆவுடையப்பரை வெளியே கூப்பிட்டார்.

"அந்த அம்மாவை நிறுத்திடுங்க. டவுன்லேர்ந்து ஒரு சமையல்காரர் வர்றார். பாய்லர்ல வேலை பார்த்துப் பழகினவர். ஞாயிற்றுக்கிழமையே வந்துடுவார்."

"வடிவு மேல தப்பில்லை."

"அப்ப மாசிலாமணி மேல தப்பா?"

"அவன் மேலயும் இல்லை."

"அப்ப பாய்லர் மேல தப்பா? அதைக் கொடுத்தவர் இலைக்கு முன்னாடி உட்காரப் போறார். அவர்கிட்ட இதை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நாளைச் சாயந்தரம் பதில் சொல்றேன்" என்று ஆவுடையப்பர் திரும்பினார்.

உள்ளே வந்தபோது வடிவு தன் மாற்றுப்புடவையையும் வெற்றிலைப் பையையும் ஒரு மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"என் கை கெட்டுப்போச்சு, அண்ணே. நடந்து களைச்சு வந்தவங்க, ஒரு வாய் வச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாங்க. இன்னொரு தடவை அதைப் பார்க்க முடியாது."

"குருபூஜை வரைக்கும் இரு."

"குருபூஜையில கெட்டுதுன்னா?"

"நாளைக்கு ஒரு நாள் இரு. நான் சாமிகிட்டக் கேட்டுட்டு வர்றேன்."

வடிவு பையை மூலையில் வைத்தார். அவிழ்க்கவில்லை.

மாலையில் ஆவுடையப்பர் சாமியைப் பார்க்கப் போனார். சாமி மடத்துத் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பர் நடந்ததை எல்லாம் சொன்னார். மூடியை மறந்ததையும் விடாமல் சொன்னார்.

"பாய்லர் வந்தது நல்லதா, கெட்டதா? எனக்குப் புரியலை, சாமி."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"புகையைப் பார்த்தா நல்லது. உப்பைப் பார்த்தா கெட்டது."

சாமி வாய்க்காலை மண்வெட்டியால் அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

"ஒரு விளக்கு வாங்கி மாட்டலாமான்னு பார்க்கிறேன்" என்றார் ஆவுடையப்பர். "உப்புப் போட்டதும் ஒரு பொத்தானை அமுக்கினா சிவப்பா எரியும். மில்லுல எல்லாம் வச்சிருக்காங்க."

"அணைக்க மறந்துட்டா?"

ஆவுடையப்பர் மூடியை நினைத்துக்கொண்டார்.

"அப்ப ருசி பார்க்கலாம்னு சாமி உத்தரவு கொடுத்தா..."

"கொடுக்கலாம். வடிவம்மா பார்ப்பாங்களா?"

"பார்க்கமாட்டா."

"நீங்க?"

"மாட்டேன்" என்றார் ஆவுடையப்பர். "அப்ப ரெண்டுல ஒண்ணுதான், சாமி. பாய்லர் போகணும், இல்லே வடிவு போகணும். நாளைச் சாயந்தரம் நான் நிர்வாகிகிட்டப் பதில் சொல்லணும். எது போகணும்?"

"நாளைக்கு அடுக்களையில எனக்கு என்ன வேலை கொடுப்பீங்க?"

"சாமிக்கா? அடுக்களையிலயா?"

"சின்ன வெங்காயம் உரிக்கிறேன். அது வரும்."

மறுநாள் காலையில் சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். பாய்லருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்பது பாய்லர் ஓட ஆரம்பித்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு முன்பே, வெங்காயக் கூடையைக் கொண்டு வந்து வைத்த வடிவிடம் அவர் கேட்டார்:

"வடிவம்மா, பழையபடி விறகடுப்பே மூட்டிடலாமா?"

வடிவு பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாம் சாமி. என் கண்ணு ரெண்டும் இப்பத்தான் எரியாம இருக்கு. ராத்திரி இருமாமப் படுக்கிறேன். இதை எடுத்துடாதீங்க."

"நீங்க போறதா ஆவுடையப்பர் சொன்னாரே. போறவங்களுக்கு இது இருந்தா என்ன, எடுத்தா என்ன?"

"எனக்கு அப்புறம் ஒருத்தி வருவா இல்லையா? அவளாவது புகை தின்னாம இருக்கட்டும்."

சாமி கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வெங்காயம் ஒன்றை எடுத்தார்.

ஆவுடையப்பர் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்ற ஆரம்பித்தது. அடுக்களை முழுவதும் அந்தச் சத்தம் நிறைந்தது.

அதற்குப் பிறகு வேலை மட்டும் நடந்தது. கத்தி இறங்கியது, சத்தம் இல்லை. தேங்காய் துருவப்பட்டது, சத்தம் இல்லை. வடிவு சாமியைப் பார்த்து ஏதோ சொன்னார். சாமி காதைக் காட்டினார். வடிவு மறுபடியும் சொன்னார். சாமி எழுந்து பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தார்.

"தண்ணியில போட்டு உரிங்க, கண்ணு எரியாதுன்னேன்!"

சாமி தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். இதைச் சொல்ல வடிவு மூன்று முறை கத்தவேண்டியிருந்தது. அப்புறம் அவர் சாமியிடம் எதுவும் சொல்லவில்லை.

பருப்பு வெந்தது. காய் விழுந்தது. புளி ஊற்றியாயிற்று. மாசிலாமணி சோற்று அண்டாவின் பக்கம் நின்று, தேங்காய் துருவுகிற நல்லம்மாவிடம் என்னவோ கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லம்மா காதைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். மாசிலாமணி இன்னும் உரக்கக் கத்தினார். வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

சாம்பார் அண்டா கொதிக்கத் தொடங்கியது. வடிவு அதன் பக்கத்தில் நின்றார். உப்பு ஜாடி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் தொடவில்லை. மூடியும் ஆணியில் இல்லை. வடிவு ஆவுடையப்பரைப் பார்த்தார். ஆவுடையப்பர் மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி நல்லம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

சாமி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். ஆவுடையப்பரின் தோளைத் தொட்டுப் பாய்லரைக் காட்டினார். சுவரில் சிவப்பாகவும் பச்சையாகவும் இரண்டு பொத்தான்கள். எது என்று கையாலேயே கேட்டார்.

ஆவுடையப்பர் சாமியின் காதில் கத்தினார்: "அதைத் தொடக்கூடாது, சாமி! இன்னும் முதல் இலைகூடப் போடலை!"

சாமி சிவப்பை அமுக்கினார்.

விசிறி நின்றது. அப்படி ஓர் அமைதி அந்த அடுக்களையில் தை மாதத்துக்குப் பிறகு பகல் வேளையில் வந்ததே இல்லை. அந்த அமைதியில் மாசிலாமணியின் குரல் மட்டும் தனியாக எழுந்தது:

"...சாமி உரிக்கிற வேகத்துக்கு அடுத்த குருபூஜைக்குத்தான் கூடை காலியாகும்! அதுலயும் பாதி வெங்காயம் தோலோட போயிருச்சு!"

மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள்.

"பாதி இல்லை" என்றார் சாமி. "முக்காவாசி."

முதலில் நல்லம்மா சிரித்தாள். அப்புறம் காய் நறுக்குகிறவர்கள். அப்புறம் வடிவு. மாசிலாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரித்தார். "மன்னிச்சுக்கணும் சாமி, கேட்காதுன்னு நினைச்சுச் சொன்னது."

"கேட்காதுன்னு இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருக்கே?" என்றார் ஆவுடையப்பர்.

"அதெல்லாம் உங்களைப் பத்தி. சாமியைப் பத்தி இன்னிக்குத்தான் முதல் தடவை."

சிரிப்பு அடங்கியபோது மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. கூடத்தில் யாரோ தண்ணீர்க் குவளையை வைத்தார்கள். ஒரு குழந்தை இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டது. சாம்பார் அண்டா மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"நின்னுபோகலையே" என்று ஆவுடையப்பர் அண்டாவை எட்டிப் பார்த்தார். "கொதிக்குதே."

பாய்லரில் நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். அது இருந்த இடத்திலிருந்து ஒரு கோடு கீழே வந்திருந்தது, அவ்வளவுதான்.

"உப்பு யார் போடறது?" என்று கேட்டார் சாமி.

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள்.

"நான் தொடமாட்டேன், சாமி."

"அக்கா" என்றார் மாசிலாமணி. "நான் போடலை. இங்க நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சத்தியமா போடலை."

"பார்த்துக்கிட்டா இருந்தே? என்கிட்டயில்லே கத்திக்கிட்டிருந்தே" என்றாள் நல்லம்மா.

"கத்திக்கிட்டே பார்த்தேன்."

வடிவு திரும்பி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "யாரும் போடலையே?"

"போடலை."

"நல்லம்மா?"

"போடலைக்கா."

வடிவு ஜாடியைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். அண்டாவில் உப்பு விழுந்தது. ஒவ்வொரு கைக்கும் அவர் உதடு அசைந்தது. கடைசிக் கை விழுந்ததும் கையைத் தட்டினார்.

"சாம்பாருக்கு உப்பு" என்றார்.

"விழுந்தாச்சு!"

சொன்னது அடுக்களை மட்டும் இல்லை. கூடத்தில் காத்திருந்தவர்களில் யாரோ ஒருவரும், என்னவென்று தெரியாமலே, "விழுந்தாச்சு!" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

சாமி பாய்லரின் முன் போய் நின்றார். பச்சையை அமுக்கலாமா, இன்னும் ஏதாவது செய்யவேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆவுடையப்பர் வந்து ஒரு குழாயின் திருகைச் சரிபார்த்துவிட்டு அமுக்கினார். விசிறி மறுபடியும் ஓடியது.

கூட்டு கொதித்தபோது ஆவுடையப்பர் சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சாமியைப் பார்த்தார். சாமி வெங்காயத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. ஆவுடையப்பர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

"கூட்டுக்கு உப்பு!"

"விழுந்தாச்சு!"

ரசத்துக்கு அமுக்கும்போது அவர் கண்ணை மூடவில்லை.

பந்தி நடந்தது. பரிமாறியவர் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் வடிவு அவர் முகத்தைப் பார்த்தார். கடைசியில் அவர் சாம்பார் வாளியை நீட்டி, "இன்னும் ஊத்துங்க. மூணாவது தடவை கேக்கறாங்க" என்றார்.

கடைசி இலை எடுத்த பிறகு அடுக்களைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். வடிவு சாம்பாரைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அப்புறம் இன்னொரு வாய் வைத்தார்.

"என்னக்கா?" என்றார் மாசிலாமணி.

"சாப்பிடவிடுடா."

மாலையில் நிர்வாகி தில்லைநாயகம் பதில் கேட்டு வந்தார். ஆவுடையப்பர் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"டவுன் சமையல்காரரை வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

"குருபூஜைக்கு?"

"வடிவு இருக்கா."

"பாய்லர்?"

"அதுவும் இருக்கு."

நிர்வாகி ஆவுடையப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமி சொன்னாரா?"

"சாமி வெங்காயம் உரிச்சார்."

நிர்வாகி தலையைச் சொறிந்துகொண்டு போனார். உள்ளே வடிவு மஞ்சள் பையிலிருந்து புடவையை எடுத்து உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். காலிப் பையை நல்லம்மாவிடம் கொடுத்து, காய் வாங்க வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆவுடையப்பர் தோட்டத்துக்குப் போனார். சாமி வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"சாமி, கடைசி இலை வரைக்கும் அடுப்பு அணையக்கூடாதுங்கறது சட்டம். இன்னிக்கு மூணு தடவை அணைச்சோம்."

"எதுக்காக அந்தச் சட்டம்?"

"பிந்தி வர்றவருக்கும் சூடாச் சோறு இருக்கணும்னு."

"இன்னிக்குப் பிந்தி வந்தவர் யாராவது ஆறின சோறு சாப்பிட்டாங்களா?"

"இல்லை."

"உப்புக் கரிச்சுதா?"

"இல்லை, சாமி."

சாமி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார். ஆவுடையப்பர் போகாமல் நின்றார். அவருக்கு இன்னொன்று மனதில் இருந்தது. அடுக்களையில் எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் அவரால் தூங்கமுடியாது.

"குருபூஜை அன்னிக்கு சாம்பார், ரசம், ரெண்டு கூட்டு, ஒரு பொரியல், மோர்க்குழம்பு. ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தணும். கேட்கணும். யார் போட்டது, யார் போடலைன்னு பார்க்கணும். அப்புறம் மாசிலாமணி ஏதாவது சொல்வான், எல்லாரும் சிரிப்பாங்க, அதுக்கும் நேரம் ஆகும். பாயசத்துக்கு நிறுத்தவேண்டாம், அதுக்கு உப்பு இல்லை."

"சரி."

"அப்படியும் நிறைய நேரம் போயிடும், சாமி."

"விறகடுப்பா இருந்தப்ப எப்ப மூட்டுவீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி."

"இப்ப?"

"நல்லா வெயில் வந்தப்புறம்."

"நடுவுல இருக்கிற நேரம் எங்க?"

ஆவுடையப்பர் யோசித்தார். பாய்லர் வந்த தைரியத்தில் அவர் குருபூஜைக்கு ஒரு கூட்டை அதிகமாக்கியிருந்தார். அப்புறம் மோர்க்குழம்பைச் சேர்த்திருந்தார். அடுக்களைக்காரர்கள் இன்னும் விடியுமுன்பே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் அப்புறம் வரலாம் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் அவர்தான்.

"நாளைலேர்ந்து கொஞ்சம் பிந்தி வரச் சொல்றேன்" என்றார் மெதுவாக. "ஆனா குருபூஜை அன்னிக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டா நேரம் போகுமே, சாமி."

சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"போகட்டுமே. அது மிச்சம் பண்ணிக் கொடுத்த நேரம்தானே. ஒரு குரல் காதுல விழுற அளவுக்கு அதுலேர்ந்து எடுத்துக்கிட்டா, பாய்லர் என்ன கோவிச்சுக்கவா போகுது?"